ஏழு ஐந்து, ஏழு நான்கு

தான் எழுதிய நிரலைத் தானே பிடுங்கி எறியச் சொல்லி ஓய்வா ஹக்கிலா அனுப்பிய மின்னஞ்சல் செவ்வாய்க்கிழமை காலை வந்தது. அதில் மூன்றே வாக்கியங்கள். "தவறு என்னுடையது. இந்தப் பகுதியை நீக்கிவிடுங்கள். பொறுப்பாளர் வரிசையிலிருந்து என் பெயரையும் எடுத்துவிடுங்கள்." உலகம் முழுக்கப் பார்க்கும் பொதுக் குழுவுக்கே அனுப்பியிருந்தான். மனுஷனுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

என் பெயர் சாயிமி. ஃபின்லாந்தில் துர்க்கு நகரத்தில் இருக்கிறேன். கெர்னலில் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதிக்கு நான்தான் காவல்காரி. யார் எதை மாற்றினாலும் நான் படித்து ஒப்புக்கொள்ளாமல் உள்ளே போகாது. அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. இருக்கிற சிலரில் ஓய்வா ஒருவன்.

கெர்னல் என்றால் கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரல். மற்ற நிரல் எது விழுந்தாலும் அது மட்டும்தான் விழும். கெர்னல் விழுந்தால் அதன் மேல் நிற்கும் அத்தனையும் சேர்ந்து விழும். ஆனால் விழுகிற அந்தக் கணத்திலும் அது ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டுத்தான் போகிறது. எந்த ஆணையில் நின்றேன், அங்கே என்னை அழைத்து வந்தது யார், அவரை அழைத்தது யார், அப்போது என் கையில் என்னென்ன எண்கள் இருந்தன என்று எல்லாம் அதில் இருக்கும். அழைத்தவர் வரிசைக்கு நாங்கள் தடம் என்று சொல்வோம். கடைசி மூச்சில் இத்தனை நேர்மையாகப் பேசுகிற யாரையும் நான் பார்த்ததில்லை. எத்தனையோ வருஷமாக இதே பிழைப்பு, இன்னும் எனக்கு அந்த வியப்பு போகவில்லை.

விழுந்துகொண்டிருந்தது வெளித்தீவுகளில் ஒன்றான ஸ்டென்ஷேரில் இருக்கும் ஒரு சின்னக் கணினிப் பெட்டி. கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமிகளின் நிலையம் அது. அவர்களுடைய ரேடியோப் பேச்சைப் பதிவு செய்ய நல்ல கருவி ஒன்று தனியாக இருக்கிறது. இது புது கெர்னலைச் சோதித்துப் பார்க்கப் பக்கத்தில் வைத்த துணைப் பெட்டி. விழுந்தால் யாரும் சாகப் போவதில்லை. ஆனால் சில வாரமாகச் சனிக்கிழமை மாலை தவறாமல் விழுந்தது. விழும்போதெல்லாம் தடத்தின் உச்சியில் ஒரே பெயர்தான் நின்றது. அது ஓய்வா எழுதிய பகுதி.

நியூரம்பெர்கிலிருந்து ஃபோல்க்மார் திரையில் வந்தார். புதுப் பதிப்பை வெளியிடுகிற பொறுப்பு அவருடையது. திங்கட்கிழமை வெளியீடு.

"சாயிமி, எழுதினவரே எடுத்துடுங்கன்னு சொல்றார். நீங்க எதுக்கு நடுவுல அடம் புடிக்கிறீங்க?"

"எனக்குப் புரியாததை நான் உள்ளயும் விடமாட்டேன், வெளியவும் விடமாட்டேன்."

"தடம் அங்கதானே காட்டுது? ஒரு தரம் இல்ல, எல்லாத் தரமும்."

"விழுந்த இடத்தைக் காட்டுது. தள்ளிவிட்டவனைக் காட்டல."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சண்டைக்கு நிற்கும்போதெல்லாம் அவர் செய்கிற காரியம் அது. "வெள்ளிக்கிழமை வரைக்கும். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

அடம் பிடித்ததற்கு ஒரு காரணம் என் கர்வம். அந்தப் பகுதியை நான் வரிவரியாகப் படித்து ஒப்புக்கொண்டவள். அது தப்பு என்றால் நானும் தப்பு. ஆனால் உண்மையான காரணம் வேறு.

போன அக்டோபரில் ஓய்வாவின் தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. பிழைத்தான். ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது சாப்பாட்டுத் தட்டில் கிடந்த கரண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அதன் பெயர் வரவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டான். பல வாரம் அந்தப் பெயர் வரவேயில்லை. ஜனவரியில் மறுபடி எழுத உட்கார்ந்தான். அப்போது எழுதியதுதான் இந்தப் பகுதி. அனுப்பிவிட்டுப் போன் செய்தான்: "சாயிமி, நல்லாப் படி. எழுதினது நான்னு பாக்காத. யாரோ தெரியாதவன் எழுதினான்னு நெனச்சுப் படி." படித்தேன். அதில் கூட்டவோ கழிக்கவோ எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நோய்க்கு முன்னால் அவன் எழுதியதைவிட நன்றாக இருந்தது.

செவ்வாய் மதியம் அவனைக் கூப்பிட்டேன்.

"என்ன கூத்து இது, ஓய்வா?"

"அது விழுந்தப்ப எழுதி வெச்ச பக்கத்தைப் பாத்தேன். எண்ணிக்கை ரெண்டுன்னு இருக்கு. ரெண்டு பேர் புடிச்சுட்டு இருக்கிற இடத்தை என் நிரல் எடுத்துக் காலி பண்ணியிருக்கு. யாரும் புடிக்கலன்னாதானே தொடணும்."

"அதைத்தானே நீ எழுதியிருக்க?"

"அப்படித்தான் எழுதினேன்னு எனக்குத் தோணுது. எத்தனை தரம் படிச்சாலும் சரியாத்தான் தெரியுது. அதான் பயமா இருக்கு. டாக்டர் ஒண்ணு சொன்னார். சில ஓட்டைங்க இருக்கும், அது இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது, ஓட்டை வழியாவேதான் பாத்துட்டு இருப்பீங்கன்னு. நான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன், சாயிமி. எங்கன்னு எனக்குத் தெரியல. அப்படிப்பட்டவன் இந்த வேலையில இருக்கக் கூடாது."

"நானும்தான் படிச்சேன். எனக்கு ஓட்டை இல்லையே."

"நீ என் மேல இருக்கிற பிரியத்துல படிச்சிருப்ப."

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பிரியத்தில் படிக்கிறவள் என்று என்னை யாரும் இதுவரை சொன்னதில்லை. சொன்னதைவிட, அது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம்தான் அதிகம் குத்தியது.

புதன்கிழமை காலை மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே அவ்ரா ஆற்றில் பனிக்கட்டி உடைந்து நகர்ந்துகொண்டிருந்தது. கடலிலும் அதே கதை. நடந்து போகவும் முடியாது, படகும் போகாது. இந்தப் பருவத்துக்குத்தான் கெலிரிக்கோ என்று பெயர். தீவுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கிற வழி இல்லை. அது விட்டுப்போன பக்கங்கள் மட்டும்தான் என் கையில் இருந்தன.

ஓய்வாவின் நிரல் செய்கிற வேலை ரொம்பச் சின்னது. நினைவகத்தில் ஓர் இடத்தை எத்தனை பேர், அதாவது எத்தனை நிரல்கள், பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை எடுக்கிறது. அதைப் பூஜ்யத்தோடு ஒப்பிடுகிறது. சமமில்லை என்றால் தாவி வெளியே போய்விடுகிறது. சமம் என்றால் மட்டும் கீழே இறங்கி இடத்தைக் காலி செய்கிறது. பெட்டி செத்தது கீழே இறங்கிய பிறகு. ஆனால் சாகும்போது அதன் கையில் இருந்த எண்ணிக்கை இரண்டு.

குழுவில் இருந்த எல்லோரும் இதற்கு ஒரே விளக்கம்தான் சொன்னார்கள். ஆணைகளை நிறைவேற்றும் சில்லுகளான செயலிகள் இரண்டு ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒன்று பூஜ்யம் என்று பார்த்து இறங்கிய பிறகு மற்றது வந்து எண்ணிக்கையை இரண்டாக்கிவிட்டது. மற்றது நடுவில் நுழையாதபடி ஓய்வா பூட்டுப் போட மறந்துவிட்டான். எங்கள் தொழிலில் சர்வசாதாரணமான தப்பு அது. கேட்டதும் நானும் தலையாட்டியிருக்கிறேன்.

புதன்கிழமைதான் அந்த எண் எங்கே இருந்தது என்று கவனித்துப் பார்த்தேன். நினைவகத்தில் பொதுவாகக் கிடந்த எண் இல்லை அது. செயலி தன் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த எண். நினைவகம் சந்தை மாதிரி, யார் வேண்டுமானாலும் வந்து கைவைக்கலாம். உள்ளங்கையில் இருப்பதை வேறு யாரும் தொட முடியாது. ஒப்பிட்டதும் அந்த எண்ணைத்தான், செத்தபோது இருந்ததும் அந்த எண்தான், நடுவில் அதை மாற்றுகிற ஆணை ஒன்றுகூட இல்லை. அப்படியானால் இரண்டைப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டு, சமம் என்று முடிவு செய்து, செயலி கீழே இறங்கியிருக்கிறது.

எழுந்து காப்பி போட்டேன். குடிக்க மறந்துவிட்டேன். இரண்டும் பூஜ்யமும் சமமில்லை என்பதில்தான் என் வாழ்க்கையே நிற்கிறது. அதில் ஆட்டம் கண்டால் நான் வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதுவது மனிதர் படிக்கிற எழுத்து. அதைச் செயலி படிக்கிற வெறும் எண்களாக மாற்றி ஒரு கோப்பில் வைப்போம். விழுந்தால் அந்தக் கோப்பைப் பிரித்து, எண்களை மறுபடி ஆணைகளாக எழுதிப் பார்ப்போம். பக்கத்திலேயே மூல வரியும் வந்து நிற்கும், படிக்க வசதி. நானும் அதைத்தான் பிரித்தேன். தாவுகிற ஆணை இருக்க வேண்டிய இடத்தில் 75 இருந்தது. 75 என்றால் சமமில்லாவிட்டால் தாவு. ஓய்வா எழுதியதும் அதுதான். எல்லாம் சரி.

ஆனால் அது கோப்பு. கோப்பு என் மேசையில் இருக்கிறது. செத்தது தீவில்.

விழுந்த பக்கத்தின் கடைசியில் ஒரு வரி உண்டு. நின்ற இடத்துக்கு முன்னும் பின்னும் நினைவகத்தில் அந்த நேரத்தில் உண்மையில் என்ன எண்கள் இருந்தன என்று கெர்னல் அப்படியே கொட்டிவிட்டுப் போகிற வரி. பார்க்க அசிங்கமாக இருக்கும். அதையும் பிரித்துப் படிக்கலாம்தான். ஆனால் அழகான கோப்பு கையில் இருக்கும்போது யாரும் அந்த வரியைச் சீண்டுவதில்லை. இரண்டும் ஒன்றுதானே என்ற நினைப்பு. நான் ஒவ்வோர் எண்ணாக விரலை வைத்துக் கோப்போடு ஒப்பிட்டுக்கொண்டே போனேன். எல்லாம் ஒத்துப் போயின. விரல் ஓர் இடத்தில் நின்றது.

74.

சமமாக இருந்தால் தாவு.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. கையில் மயிர் எழுந்து நின்றதை நானே பார்த்தேன். கணினி எழுதுகிற ஒன்று, பூஜ்யங்களில் பார்த்தால் 75-க்கும் 74-க்கும் ஒரே ஒரு பிட்டுதான் வித்தியாசம். கடைசியில் இருக்கும் ஒன்று பூஜ்யமானால் போதும். அந்த ஒரு துளி மாறியதில் "இல்லை" என்பது "ஆமாம்" ஆகிவிட்டது. செயலி பொய் சொல்லவில்லை. இரண்டு சமமில்லை, அதனால் தாவாமல் கீழே இறங்கி, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே செய்து செத்திருக்கிறது.

அவன் வரியில் விழுந்தபோது வந்த பழைய பக்கங்களை எல்லாம் எடுத்தேன். எல்லாவற்றிலும், அதே இடத்தில், 74.

அப்படியானால் பெட்டிக்குள் ஒரு குழி ஒழுகுகிறது. நினைவகம் என்பது மின்சாரத்தைத் துளியாகப் பிடித்து வைக்கிற குழிகள். குழி நிறைந்திருந்தால் ஒன்று, வடிந்தால் பூஜ்யம். எல்லாக் குழியும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகத்தான் செய்யும். வடிவதற்குள் ஒவ்வொன்றையும் வாசித்து, மறுபடி நிரப்பி, நொடிக்குப் பதினைந்து தடவை இதையே செய்துகொண்டிருக்கிறது கருவி. அந்தச் சின்னப் பெட்டியில் மட்டும் மூவாயிரம் கோடிக்கு மேல் குழிகள். இத்தனையும் ஒழுகிக்கொண்டே நிலைத்து நிற்கின்றன என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதியவள்தான். அன்று காலைதான் அதை நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் எதற்கு ஓய்வாவின் வரி? இத்தனை கோடிக் குழிகளில் ஒழுகுகிற குழி எப்போதும் அவன் எழுத்தின் மேலேயே ஏன் விழ வேண்டும்?

பதில் வந்தபோது மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கெர்னல் ஒவ்வொரு முறை எழும்போதும் நினைவகத்தில் வேறு வேறு இடத்தில் போய் உட்காரும். திருடனுக்கு விலாசம் தெரியக் கூடாது என்பதற்கு. பிப்ரவரி வரை அந்தப் பெட்டியும் அப்படித்தான் இருந்தது. அப்போதும் விழுந்தது, ஒரு வாரம் வலைப்பகுதியில், ஒரு வாரம் வட்டுப்பகுதியில், ஒரு வாரம் ஒன்றுமில்லை. தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இருந்ததால், படிக்க வசதியாக இருக்கட்டும் என்று இடம் மாறுவதை நிறுத்தச் சொன்னேன். எங்கள் ஆட்கள் எவரும் முதலில் செய்வது அதைத்தான். அதற்குப் பிறகு கெர்னல் ஒரே இடத்தில் உட்கார்ந்தது, ஒழுகுகிற குழியின் மேல் ஓய்வாவின் வரி உட்கார்ந்தது. ஒழுகியது இடம், நாங்கள் பிடித்தது அதன் மேல் உட்கார்ந்திருந்த ஆளை.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. குழி ஒழுகினால் எப்போதும் ஒழுக வேண்டுமே. எதற்காகச் சனிக்கிழமை மாலை மட்டும்? சனிக்கிழமை பெட்டியில் ஒரு வாராந்திரத் துப்புரவு வேலை ஓடும், அந்தச் சுமையில்தான் விழுகிறது என்று குழுவில் முன்பே முடிவு கட்டியிருந்தார்கள். நானும் ஆமாம் என்றிருந்தேன். நான் பிறந்து வளர்ந்தது ஃபின்லாந்தில். சனிக்கிழமை மாலை என்றதும் என் மூக்கில் முதலில் பிர்ச் விறகுப் புகை ஏறியிருக்க வேண்டும். நிரலுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்ததில் மூக்கு மரத்துப் போயிருந்தது.

தீவில் இருக்கும் பொர்யேவைக் கூப்பிட்டேன். மாலுமி, போனில் பேசிப் பழக்கம்.

"பெட்டியை எங்க மாட்டியிருக்கீங்க?"

"தாழ்வாரத்து அலமாரியில. காத்து, ஈரம் ஒண்ணும் படாது. ஏன், உங்க சீமாட்டிக்கு இடம் பத்தலையாமா?"

"அலமாரிக்குப் பின்னால என்ன சுவர்?"

"சுவர்தான்."

"சுவருக்கு அந்தப் பக்கம்?"

"சவுனா அடுப்பு." சனிக்கிழமை மாலை அடுப்பு மூட்டி, சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் வேர்த்துக் குளிக்கிற அறைதான் சவுனா; எங்கள் நாட்டில் அது இல்லாத இடம் இல்லை.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு மூட்டுவீங்க?"

"எல்லாரும் மூட்டுற நேரத்துக்குத்தான்." பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்: "அட கடவுளே. நாங்க வேர்த்துக் குளிக்கிறோம், அது அங்க செத்துப் போகுதா?"

"அப்படித்தான் நெனக்கிறேன். சூடு ஏறினா நினைவகம் சீக்கிரம் ஒழுகும். நாளைக்கு ஒரு தரம் மூட்டுவீங்களா?"

"நாளைக்கு வியாழக்கிழமை."

"தெரியும்."

"வியாழக்கிழமை பட்டாணி சூப் குடிக்கிற நாளு. விறகு உங்க அப்பன் வீட்டுதா?"

"படகு ஓட ஆரம்பிச்சதும் ஒரு வண்டி விறகு அனுப்பறேன்."

"பிர்ச்சா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வியாழன் மதியம் ஓய்வாவின் வீட்டுக்குப் போனேன். வரச் சொல்லவில்லை, இருந்தும் போனேன். அடுப்பில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு வலது கை இன்னும் கொஞ்சம் சோம்பல். இடது கையால் கிளறினான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சமாதானம் பண்ண வந்திருந்தா சூப் குடிச்சிட்டுக் கிளம்பு."

"சமாதானமா? நானா? எத்தனை வருஷமா என்னைத் தெரியும் உனக்கு?"

கணினியை மேசையில் திறந்து வைத்தேன். தீவுப் பெட்டியோடு இணைத்து, நினைவகத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் வாசித்து, நொடிக்கு ஒரு தரம் திரையில் எழுதும்படி செய்திருந்தேன். கண்டுபிடித்ததைச் சொன்னேன். அவன் கிளறுவதை நிறுத்தவில்லை. முடித்ததும், "நல்ல கதை" என்றான். "எனக்காக ரொம்பச் சிரமப்பட்டிருக்க."

"கதை இல்ல. உக்காந்து பாரு."

போனில் பொர்யேவின் குரல் வந்தது. "மூட்டியாச்சு. அறுபது டிகிரி ஆகுது. என்கூட இருக்கிறவங்க எல்லாம் எனக்குக் கிறுக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க."

திரையில் 75. அடுத்த நொடி 75. அடுத்தது 75.

ஓய்வா இரண்டு கிண்ணங்களில் சூப் ஊற்றினான். இழுப்பறையைத் திறந்து, "அதை... அதை எடு" என்று என்னிடம் கையைக் காட்டினான். எடுத்துக் கிண்ணத்துக்கு ஒன்றாக மேசையில் வைத்தேன். இருவரும் குடிக்கவில்லை.

75. 75. 75.

"எண்பது" என்றார் பொர்யே. "கல்லுல தண்ணி ஊத்தவா?"

"ஊத்துங்க, ஊத்துங்க."

75. 75. எண்கள் கீழிருந்து மேலே நகர்ந்துகொண்டே இருந்தன. குழி ஒழுகாவிட்டால்? நான் கட்டிய கோட்டை எல்லாம் ஆசையில் கட்டியதாக இருந்தால்? அப்படியானால் இவனுக்கு நான் செய்தது உதவி இல்லை, கொடுமை. பக்கவாட்டில் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. உதடு அசைந்தது. ஏழு ஐந்து, ஏழு ஐந்து என்று கூடவே சொல்லிக்கொண்டிருந்தான்.

"தொண்ணூறு. நான் வெந்துட்டேன், சாயிமி. மசாலா தடவினா சாப்பிடலாம்."

75. 75. 75.

74.

திரையில் 74 மேல் 74-ஆக ஏறிக்கொண்டிருந்தது. கடலுக்கு நடுவில் ஒரு தீவில், ஒரு சுவருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி வடிந்து முடிந்ததை ஒரு சமையலறையில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேர் பார்த்தோம். இந்தத் தொழிலில் நான் கட்டிய பெரிய பெரிய விஷயங்கள் உண்டு. இவ்வளவு சின்ன ஒன்று விழுவதைப் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் எண்கள் நின்றன. பெட்டி விழுந்துவிட்டது. இணைப்பு அறுந்ததாக ஒரு வரி வந்தது.

"நான் எழுதினது 75" என்றான் ஓய்வா.

"ஆமா."

"முதல்ல 75-தான் இருந்துச்சு. நீயும் பாத்த."

"நானும் பாத்தேன். பொர்யே கேட்டிருப்பார். இன்னும் யாரையாவது கூட்டிட்டு வரணுமா?"

அவன் சிரிக்கவில்லை. இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு கணினியைத் தன் பக்கம் இழுத்தான். "படகு எப்ப ஓடும்?"

"இன்னும் ரெண்டு மூணு வாரம் ஆகும். அப்பதான் நினைவகச் சில்லை மாத்த முடியும்."

"அதுவரைக்கும் அந்தக் குழி இருக்கிற பக்கத்தைத் தொடாதேன்னு கெர்னல்கிட்ட சொல்லிடலாம். இருக்குன்னு தெரிஞ்சாப் போதும், சுத்திப் போயிடும். இடம் மாறுறதையும் மறுபடி திறந்து விட்டுடு."

பெட்டி தானாகவே எழுந்து வந்திருந்தது. ஒழுகுகிற குழியின் முகவரியை அவனே தட்டினான். வலது கை ஒவ்வோர் எழுத்துக்கும் தேடித் தேடிப் போனது. நான் உதவப் போகவில்லை. பெட்டி ஒரு தரம் அணைந்து மறுபடி எழுந்தது. அடுப்பு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. பொர்யே இன்னொரு வாளித் தண்ணீரைக் கல்லில் ஊற்றிவிட்டு, தாங்க முடியாமல் வெளியே ஓடிவிட்டார். கதவு அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. ஓய்வாவின் வரி இப்போது வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதை வாசித்தோம். 75. வெகுநேரம் பார்த்தோம். 75-தான்.

குழுவுக்கு அவனே எழுதினான், செவ்வாய்க்கிழமை எழுதிய அதே தோரணையில், சுருக்கமாக. "நீக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நிரல் சரி." ஃபோல்க்மாரிடமிருந்து உடனே ஒரு சொல் பதில் வந்தது: "நன்றி." மனுஷன் கண்ணாடியைத் துடைத்திருப்பார்.

"மூவாயிரம் கோடிக் குழி" என்றான் ஓய்வா, திரையைப் பார்த்தபடியே. "ஒண்ணு போச்சு. மிச்சமெல்லாம் நிக்குது. இதை நெனச்சா உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"நேத்து முழுக்க வேற எதுவும் தோணல எனக்கு."

"டாக்டரும் இதைத்தான் சொன்னார். செத்த இடம் திரும்ப வராது, மூளை அதைச் சுத்திப் போகக் கத்துக்கும்னு. ஆறுதலுக்குச் சொல்றார்னு நெனச்சேன். இப்பவும் அந்தப் பேரு நேர் வழியில வராது. முதல்ல சூப்பை நெனப்பேன். அப்புறம் கிண்ணம். கிண்ணத்துல இருந்து வாய்க்கு வர்ற வழியை நெனப்பேன். சுத்திச் சுத்திப் போனா அங்க நிக்கும்."

"எது நிக்கும்?"

மேசையில் இருந்ததை எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அவசரப்படவில்லை. நானும் சொல்லித்தர வாயெடுக்கவில்லை.

"கரண்டி" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சூப் சூடாக இருக்கிறது, ஆவி கண்ணில் படுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

"அது ஆறி ரொம்ப நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அவன் குடிக்க ஆரம்பித்தான்.